மின் ஒப்பந்தம் போடும் முன்: டர்பைனையும் எண்ணுங்கள், கேஸையும் எண்ணுங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் என் அக்காவும் அத்தானும் மளிகைக்கடை நடத்துகிறார்கள். கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி நான்கு, மீனுக்கும் பரோட்டாவுக்கும் ஃப்ரீசர் இரண்டு, உள்ளே ஓர் ஏர்கான். மாதம் 3,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கடை வாடகை, ஆள் சம்பளம், அதற்கடுத்த செலவு மின்கட்டணம்தான். ஒப்பந்தம் முடியப்போகிற மாதம் அத்தான் எனக்குப் போன் போடுவார். "மாப்பிள்ளை, ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்."

நான் ஜூரோங் தீவில் ஒரு கேஸ் மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் 22 வருஷம் ஷிப்ட் பார்த்தவன். மின்சாரத்தின் விலை அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் பிறக்கிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே காலம் போயிற்று. அத்தானுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கடை, உணவகம், சின்னத் தொழிற்கூடம் வைத்திருப்பவர்களுக்கு இது நேராகப் பயன்படும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஒப்பந்தம் தேடுகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் யாரோ அளவுக்கு மீறி மின்நிலையம் கட்டிவிட்ட காலம். அந்த மலிவு எதனால் வந்தது, எப்போது தீரும் என்று தெரிந்தால்தான் எத்தனை மாதத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்ல முடியும். அதனால் சிங்கப்பூரில் உபரி வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

உபரி வந்த விதம்

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இப்படி இல்லை. எண்ணெய் எரித்து நீராவியில் ஓடும் நிலையங்கள்தான் அதிகம். பிறகு மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வந்த கேஸ் அந்த இடத்தைப் பிடித்தது. குழாயை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று அரசு ஜூரோங் தீவில் எல்என்ஜி, அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் வரும் எரிவாயுவுக்கு, முனையம் கட்டியது. 2013 மே மாதம் அது இயங்க ஆரம்பித்தது.

முனையம் கட்டினால் மட்டும் போதுமா? கப்பலில் வரும் கேஸை வாங்க ஆள் வேண்டும். எல்என்ஜி வாங்க ஒப்புக்கொண்ட மின்நிலையங்களுக்கு ஒரு சலுகை கிடைத்தது: உற்பத்தியில் ஒரு பங்கை முன்கூட்டியே வகுத்த விலையில் விற்கலாம். வெஸ்டிங் ஒப்பந்தம் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். புது நிலையம் கட்டுகிறவருக்கு இது பெரிய பிடிமானம். அதோடு 2012-இல் மொத்தச் சந்தை விலை சராசரியாக ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 220 வெள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த நிலையமும் லாபமாகத்தான் தெரியும்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக அதே கணக்கைப் போட்டார்கள். செனோக்கோ பழைய நீராவி அலகுகளைக் கழித்துப் புதிய கேஸ் அலகுகளைக் கொண்டுவந்தது. கெப்பல் மெர்லிமாவ் நிலையத்தை விரிவாக்கியது. செம்ப்கார்ப் 400 மெகாவாட், பசிபிக்லைட் 800 மெகாவாட், துவாஸ் பவரின் புதிய அலகு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையோடு சேர்த்துக் கட்டிய துவாஸ்பிரிங் 411 மெகாவாட். கேஸ் நிலையம் கட்ட மூன்று வருஷம் போல ஆகும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடித்து, 2012-க்கும் 2016-க்கும் நடுவில் வரிசையாகச் சந்தையில் வந்து இறங்கினார்கள்.

இப்போது தேவையைப் பாருங்கள். 2013-இல் நாட்டின் உச்சத் தேவை சுமார் 6,800 மெகாவாட். 2016-இல் சுமார் 7,100. மூன்று வருஷத்தில் கூடியது முந்நூறு சொச்சம். 400 மெகாவாட்டில் ஒரே ஓர் அலகு வந்தாலே மூன்று வருஷத்து வளர்ச்சியை அது ஒன்றே தின்றுவிடும். அப்படிப் பல அலகுகள் வந்தன. 2016 வாக்கில் நிறுவப்பட்ட திறன் 13,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. சந்தை விலைச் சராசரி அந்த ஆண்டு 63 வெள்ளி அளவுக்கு விழுந்தது. உலக எண்ணெய் விலை சரிந்ததும் அதற்கு ஒரு காரணம். குழாய் கேஸின் விலை பெரும்பாலும் எண்ணெய் விலையோடு கட்டப்பட்டது. ஆனால் எண்ணெய் மட்டும் இறங்கியிருந்தால் விலை அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது.

இந்தத் தவறு நமக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் தொடங்கிய கேஸ் நிலைய மோகத்தில் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய இரண்டு லட்சம் மெகாவாட் எழும்பியது. மிராண்ட் 2003-இலும், கால்பைன் 2005-இலும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. ஸ்பெயினில் 25,000 மெகாவாட்டுக்கு மேல் கட்டினார்கள். 2008-க்குப் பிறகு தேவை சுருங்கியது, காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகின, கேஸ் நிலையங்கள் வருஷத்தின் பெரும்பகுதி சும்மா நின்றன.

இரவு மூன்றரை மணிக்கு

உபரி என்பது புள்ளிவிவரத்தில் ஒரு வரி. உள்ளே இருந்து அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லும் கணக்கெல்லாம் தானாக விளங்கும்.

2015-இல் ஒரு ராத்திரி ஷிப்ட். மணி மூன்றரை. ஊரே தூங்குகிறது, அலுவலகக் கட்டடங்களில் ஏர்கான் நின்றிருக்கிறது. அடுத்த அரை மணிக்கு நாங்கள் எத்தனை மெகாவாட் தர வேண்டும் என்று திரையில் எண் வரும். 400 மெகாவாட் தரக்கூடிய அலகுக்கு அன்றைக்கு வந்தது 200. அதற்குக் கீழே இறக்க முடியாது. எரியறையில் தீ நிலையாக நிற்காது, புகைபோக்கியில் வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைத் தாண்டிவிடும். அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். அணைத்தால் காலை ஆறு மணிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். டர்பைனுக்குப் பின்னால் நிற்கும் கொதிகலனின் டிரம் தடிமனான இரும்பு. அதை அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விழும். வெப்பநிலை ஒவ்வொரு பாகையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை அணைத்து ஏற்றும்போதும் இயந்திரத்தின் ஆயுளிலிருந்து பல மணி நேரம் கழிந்ததாகக் கணக்கு எழுதுவோம்.

அதனால் அந்த 200 மெகாவாட்டை வந்த விலைக்கு விற்றோம். தீவில் இருந்த மற்ற நிலையங்களுக்கும் இதே நிலைமை. எல்லோரும் அணைக்கப் பயந்து, எல்லோரும் விலையை இறக்கி, இரவு விலை தரையைத் தொட்டது.

கேஸ் ஒப்பந்தம் இன்னொரு சுமை. இந்தத் துறையில் கேஸ் வாங்குவது காய்கறி வாங்குவது போல அன்றன்றைக்கு நடப்பதில்லை. பத்து, பதினைந்து வருஷத்துக்கு எழுதுவார்கள். வருஷத்துக்கு இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டாலும் காசு கொடுத்தே ஆக வேண்டும். காசு எப்படியும் போய்விட்டது என்றால் கேஸை எரித்து வந்ததை வாங்குவதுதான் லாபம். அதனால்தான் எரிபொருள் செலவுக்கும் குறைந்த விலையில் நிலையங்கள் ஓடின. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பராமரிப்புப் பிரிவில் ஆள் குறைத்தார்கள், போனஸ் சுருங்கியது, கூட வேலை பார்த்த இளம் பிள்ளைகள் சிலர் வேறு துறைக்குப் போனார்கள். மலிவு மின்சாரம் பற்றிப் பேசும்போது அவர்கள் முகம் எனக்கு ஞாபகம் வரும். துவாஸ்பிரிங் கட்டிய ஹைஃபிளக்ஸ் நிறுவனம் 2018 மே மாதம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. அதில் சேமிப்பைப் போட்டிருந்த சிறு முதலீட்டாளர்கள் மட்டும் சுமார் 34,000 பேர். நிலையத்தைப் பின்னால் ஒய்டிஎல் பவர்செராயா வாங்கியது.

சரி, கணக்குக்கு வருவோம்.

இயந்திரத்தை எண்ணுவது

எரிசக்திச் சந்தை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில் இரண்டு எண்களை எடுங்கள். ஒன்று நிறுவப்பட்ட திறன், மற்றொன்று உச்சத் தேவை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வந்ததை உச்சத் தேவையால் வகுத்தால் கையிருப்பு விகிதம் கிடைக்கும். சிங்கப்பூரில் நீண்ட காலம் 30 விழுக்காடு இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள், பிறகு 27 ஆக்கினார்கள். 2016-இன் எண்களைப் போட்டுப் பாருங்கள்: 13,000-இல் 7,100 போனால் 5,900. அதை 7,100-ஆல் வகுத்தால் 80 விழுக்காட்டுக்கு மேல். தேவையான கையிருப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே.

அந்த 13,000-ஐ அப்படியே நம்பக்கூடாது. அதில் குப்பை எரிக்கும் ஆலை இருக்கும், எப்போதாவது மட்டும் எழுப்பும் பழைய நீராவி அலகு இருக்கும், சூரியத் தகடும் இருக்கலாம். கேஸில் ஓடும் கூட்டுச்சுழற்சி அலகுகளின் (கேஸ் டர்பைனின் வெளிச்சூட்டில் நீராவி டர்பைனும் ஓட்டுபவை) எண்ணைத் தனியாகப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். அதை மட்டும் வைத்தே உச்சத் தேவையைச் சமாளித்து, ஒன்றிரண்டு அலகு பழுதுபார்க்க நின்றாலும் மீதி இருக்கிறதென்றால், அது நிஜமான உபரி.

அப்புறம், வரப்போவதையும் போகப்போவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கெப்பல் சக்ரா, செம்ப்கார்ப், ஒய்டிஎல் பவர்செராயா ஆகியவற்றின் புதிய நிலையங்கள் வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 600 மெகாவாட் அளவு, ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கத் தக்க வகை. பசிபிக்லைட்டும் ஒன்று கட்டுகிறது. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்போ திரும்ப 2016 மாதிரி விலை விழுமா?" என்று அக்கா கேட்டாள். நான் அப்படி நினைக்கவில்லை. உச்சத் தேவை 8,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, தரவு மையங்கள் பசியோடு நிற்கின்றன, பழைய அலகுகள் ஓய்வு பெறும் வயதில் இருக்கின்றன. முக்கியமாக, எவ்வளவு புதிய திறன் தேவை, எப்போது தேவை என்று ஆணையமே கணக்கிட்டு ஏலம் கேட்கிறது. பத்து வருஷத்துக்கு முன்பு போல ஆளாளுக்குக் கட்டி ஒரே நாளில் வந்து நிற்க இப்போது இடமில்லை.

விலையைப் படிப்பது

மொத்தச் சந்தை விலையை எங்கள் ஆட்கள் யூசெப் என்பார்கள். ஒரு நாளுக்கு 48 விலை, அரை மணிக்கு ஒன்று. சந்தையை நடத்தும் எனர்ஜி மார்க்கெட் கம்பெனியின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் அத்தானைப் பார்க்கச் சொல்வது மூன்று நேரங்களை மட்டும்: விடியற்காலை மூன்று மணி, வேலை நாளில் பிற்பகல் இரண்டரை, இரவு ஏழரை. இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இயந்திரம் மிஞ்சிக் கிடக்கிறது என்று அர்த்தம். உச்ச நேரத்தில்கூட விலையை ஏற்ற யாருக்கும் தைரியம் இல்லை. பிற்பகல் விலை அடிக்கடி திடீர் திடீரென்று துள்ளினால் கையிருப்பு இறுகிக்கொண்டு வருகிறது.

அடுத்தது எரிபொருள் கணக்கு. இதைச் செய்கிறவர்கள் குறைவு, ஆனால் இதுதான் சரியான விடை தருவது. நல்ல கேஸ் நிலையம் ஒரு மெகாவாட் மணி மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 7 எம்எம்பிடியூ கேஸ் எரிக்கும். எம்எம்பிடியூ என்பது கேஸை விற்கும் அளவை. எண்ணெய்க்குப் பீப்பாய் போல. செய்தியில் ஆசிய எல்என்ஜி விலை 10 அமெரிக்க டாலர் என்று வந்தால், 7-ஆல் பெருக்குங்கள்: 70 அமெரிக்க டாலர். மாற்று விகிதம் 1.30 என்று வைத்தால் 91 வெள்ளி. அதாவது யூனிட்டுக்கு 9 காசு எரிபொருளுக்கு மட்டும். நிலையங்களுக்கு வரும் கேஸ் வேறு விலையில் ஒப்பந்தமாகியிருக்கலாம், அதனால் இது தோராயம்தான். தோராயமே போதும்.

யூசெப்பிலிருந்து அந்த 91-ஐக் கழியுங்கள். மிச்சம் பத்து வெள்ளிக்கும் குறைவு, அல்லது கழித்தால் கீழே போகிறது என்றால், நிலையங்கள் கடனைக் கட்டக்கூடச் சம்பாதிக்கவில்லை. உபரி காலம். முப்பது, நாற்பது மிஞ்சினால் தொழில் ஒழுங்காக நடக்கிறது. மாதக்கணக்கில் நூறுக்கு மேல் மிஞ்சினால் ஏதோ ஒன்று தட்டுப்பாடு. இந்த எல்லைகள் நானாக வைத்துக்கொண்டவை. பல வருஷம் பார்த்ததில் எனக்குச் சரியாக வந்தவை.

நான் பார்க்கத் தவறியது

2015 ஜூலையிலிருந்து மாதம் 2,000 யூனிட் செலவழிக்கும் கடைகளும் தங்கள் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. அக்கா கடைக்கு அப்போதுதான் கதவு திறந்தது. விலை விழுந்துகொண்டிருந்த நேரம். அரசு விகிதத்தில் (ஆணையத்தின் ஒப்புதலோடு எஸ்பி குரூப் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும் கட்டணம்) இத்தனை விழுக்காடு கழிவு என்ற வகையை எடுக்கச் சொன்னேன். விகிதம் இறங்க இறங்க அவர்கள் கட்டணமும் இறங்கியது. 2012-இல் யூனிட்டுக்கு 28 காசைத் தாண்டியிருந்த அரசு விகிதம் 2016-இன் இரண்டாம் காலாண்டில் 18 காசுக்குக் கீழே போனது. அடுத்த முறை நிலையான விலையில் இரண்டு வருஷம். அதுவும் நன்றாக அமைந்தது.

2020-இல் கொரோனா. தேவை குறைந்தது, உலகச் சந்தையில் கேஸ் கேட்பாரற்றுக் கிடந்தது. எல்லாக் கட்டணமும் சேர்த்து 17 காசுக்கு இரண்டு வருஷம் நிலையான விலை என்று ஒரு விற்பனையாளர் வந்தார். நான் கையிருப்பு விகிதத்தைப் பார்த்தேன், இன்னும் தாராளம். யூசெப்பைப் பார்த்தேன், தட்டையாக இருந்தது. "போடுங்க அத்தான், இதைவிடக் குறைய வராது" என்றேன்.

2021 அக்டோபர். விற்பனையாளரிடமிருந்து கடிதம்: சந்தையிலிருந்து விலகுகிறோம், உங்கள் கணக்கு எஸ்பி குரூப்புக்கு மாற்றப்படும். அந்தச் சமயம் பல சில்லறை விற்பனையாளர்கள் அடுத்தடுத்து விலகினார்கள். 17 காசு கட்டிக்கொண்டிருந்த கடை 24 காசுக்கு மாறியது. 3,000 யூனிட்டுக்கு மாதம் 210 வெள்ளி கூடுதல். 2022 பிற்பாதியில் அரசு விகிதம் 30 காசைத் தொட்டது. அக்கா ஒரு குளிர்பெட்டியை அணைத்து அதில் அரிசி மூட்டை அடுக்கினாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன நடந்தது? இயந்திரம் குறைந்துவிடவில்லை. டர்பைன்கள் அப்படியேதான் நின்றன. கேஸ்தான் குறைந்தது. மேற்கு நத்துனாவிலிருந்து வரும் குழாயில் வரத்து தடைப்பட்டது, தெற்கு சுமத்ராவிலிருந்து வந்த கேஸின் அழுத்தம் குறைந்தது, அதே சமயம் உலகம் முழுக்க எல்என்ஜி விலை எகிறியது. அரை மணி விலை சில நேரம் மெகாவாட் மணிக்கு 4,500 வெள்ளி என்ற உச்சவரம்பு வரைக்கும் ஏறியது. யூனிட்டுக்கு நாலரை வெள்ளி. அதைப் 17 காசுக்கு விற்றுக்கொண்டிருந்த விற்பனையாளர் எத்தனை நாள் தாங்குவார்?

22 வருஷம் கேஸ் எரித்த நான் கேஸை எண்ணவில்லை. டர்பைன் உபரியாக இருந்தால் மின்சாரமும் உபரி என்று எடுத்துக்கொண்டேன். அடுப்பு பத்து இருந்தாலும் விறகு இருக்கிற அளவுக்குத்தான் சோறு வேகும்.

இப்போது நான் கேஸுக்காகத் தனியாக மூன்றைப் பார்க்கிறேன். ஆசிய எல்என்ஜி விலை மூன்று மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது. எண்ணெய் விலை எங்கே இருக்கிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கேஸ் வயல் பழுது, ஏற்றுமதிக் குறைப்பு என்று ஏதாவது செய்தி வந்திருக்கிறதா. 2021-க்குப் பிறகு ஆணையம் அவசரக் கையிருப்பு எல்என்ஜிக்கு ஏற்பாடு செய்தது, 2023 ஜூலையிலிருந்து விலை நீடித்து எகிறினால் தற்காலிக உச்சவரம்பு வைக்கும் முறையையும் கொண்டுவந்தது, கேஸை மொத்தமாக வாங்க காஸ்கோ என்ற அமைப்பும் வந்திருக்கிறது. இவை எனக்கு நிஜமாகவே நிம்மதி தருகின்றன. ஆனாலும் பார்ப்பதை நான் விடவில்லை.

எந்த ஒப்பந்தம், எத்தனை மாதம்

இரண்டு எண்ணிக்கையையும் முடித்த பிறகு முடிவு சுலபம். இயந்திரமும் உபரி, கேஸ் விலையும் இறங்குமுகம் என்றால் அரசு விகிதத்தில் கழிவு தரும் வகை, அல்லது ஆறு மாத நிலையான விலை. அவசரப்பட்டு நீண்ட காலத்துக்கு மாட்டிக்கொள்ள வேண்டாம். இயந்திரம் உபரி, கேஸ் விலை இறங்கி நின்றுவிட்டது, பழைய அலகுகளை மூடும் செய்தி வர ஆரம்பிக்கிறது என்றால் கிடைக்கிற நீண்ட நிலையான விலையை எடுங்கள். அது மலிவின் கடைசி நேரம். கேஸ் இறுக்கமாக இருக்கிறது என்றால், இயந்திரம் எவ்வளவு மிஞ்சிக் கிடந்தாலும், மொத்தச் சந்தை விலையோடு ஏறி இறங்கும் ஒப்பந்தத்தின் பக்கமே போகாதீர்கள். சின்னக் கடை ஒரு மாதக் கட்டணத்தில் கவிழ்ந்துவிடும்.

விற்பனையாளர் யார் என்பதை விலைக்கு முன்னால் பாருங்கள். அவருக்கு, அல்லது அவருடைய தாய் நிறுவனத்துக்கு, சொந்தமாக மின்நிலையம் இருக்கிறதா? இருந்தால் சந்தை விலை ஏறும்போது ஒரு கையில் இழப்பதை இன்னொரு கையில் எடுத்துக்கொள்வார். நிலையம் இல்லாதவரும் நேர்மையாகத் தொழில் செய்யலாம். முன்கூட்டியே விலையைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிப் பூட்டியிருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நான் இப்போது முகவர்களிடம் இதைக் கேட்கிறேன். பதில் தெரிந்தவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். தெரியாதவர் விலைப்பட்டியலைத் திரும்ப எடுத்து நீட்டுகிறார். மற்றவர்களைவிட இரண்டு, மூன்று காசு குறைவாக ஒருவர் மட்டும் சொன்னால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியதில் கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது ஒன்று. வணிக ஒப்பந்தங்களில் சொல்லும் விலை பெரும்பாலும் மின்சாரத்துக்கு மட்டும். மின்கம்பிக் கட்டணமும் சந்தை நிர்வாகக் கட்டணமும் அதன் மேல் தனியாக வரும். அரசு விகிதத்தில் அவை எல்லாம் உள்ளே அடங்கியவை. 14 காசு என்ற ஒப்பந்தத்தை 28 காசு விகிதத்தோடு வைத்துப் பார்த்துப் பாதி விலை என்று நினைத்தால் முதல் மாதமே திகைப்பீர்கள். ஜிஎஸ்டி சேர்த்ததா, சேர்க்காததா என்பதையும் கேளுங்கள், இப்போது அது 9 விழுக்காடு. முன்கூட்டியே விலகினால் என்ன அபராதம், முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தபின் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக எந்த விலைக்கு மாறும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டு ஒப்பந்தத்துக்கு விவரத் தாள் ஒன்று தருவார்கள், அதில் இவை ஒரே பக்கத்தில் இருக்கும்.

அக்கா கடையின் இப்போதைய ஒப்பந்தம் வரும் நவம்பரில் முடிகிறது. சொந்த நிலையம் வைத்திருக்கும் விற்பனையாளர், 12 மாத நிலையான விலை. கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் செப்டம்பர் முதல் தேதியை அத்தான் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார். அன்றையிலிருந்து இரண்டு வாரம் மூன்று நேர விலையை நோட்டில் எழுதுவது அவர் பொறுப்பு, கேஸ் செய்தியைப் பார்ப்பது என் பொறுப்பு. அரிசி மூட்டை வைத்திருந்த குளிர்பெட்டியில் இப்போது தயிரும் இட்லி மாவும் இருக்கின்றன.